பங்குனி, சித்திரையில் வீட்டுத்தோட்டம்: எமது காலநிலையை அறிந்து நடுவோம்

பெரும்போக நெல் வெட்டு முடிந்து, சூடடித்து, மூடைகள் வீட்டுக்கோ ஆலைக்கோ போய்ச் சேர்ந்த பின் எமது கிராமங்களில் ஓர் ஓய்வு தெரியும். மாசிக் கடைசியும் பங்குனியும் அந்தக் காலமாகும். அப்போது குளத்தில் நீர் நிற்கிறது. கிணற்றில் வாளி விரைவில் நீரைத் தொடுகிறது. வளவில் ஈரம் இன்னும் முற்றாகக் காயவில்லை. ஆனால் அதே கிழமையில், தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்த பயிற்றங்காயையும் கத்தரிக்காயையும் நாம் கடையில் நிறுத்து வாங்குகிறோம். பின்னர் ஆனி, ஆடியில் யாராவது விதைப் பைக்கற் தரும்போது அவசரமாக நட்டு, நீர் போதாமல் கைவிடுகிறோம். "எங்கட மண்ணில மரக்கறி வராது" என்று முடிவு கட்டுகிறோம். இதில் மண்ணின் மேல் குற்றம் இல்லை. மாதம் பிழைத்ததே காரணம்.

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எமக்குச் சொல்லாதவர் இல்லை. வானொலி சொல்கிறது, துண்டுப்பிரசுரம் சொல்கிறது, கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசும் தங்கையும் சொல்கிறாள். ஆனால் எந்த மாதத்தில், எந்தப் பயிரை, எவ்வளவு நீருடன் நடுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒருவருக்கு வசந்தமாக இருக்கும் மாதம் மற்றவருக்குக் கோடையாக இருக்கலாம். ஓமந்தையை நடுவில் வைத்து இதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. எமது இளவேனில் எப்போது?

தமிழ் மரபு சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும், ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றும் வகுத்துள்ளது. பனி உருகி மரங்கள் தளிர்க்கும் வசந்தம் எமக்கு இல்லை. எமது பருவங்களை வகுப்பது வெப்பத்தைவிட மழையும் காற்றுமே.

இலங்கையின் ஆண்டு நான்கு மழைக் காலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதலாவது இடைப்பருவ மழை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்ரோபர், நவம்பரில் இரண்டாவது இடைப்பருவ மழை. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி உலர் வலயம் எனப்படும். வவுனியா மாவட்டம் பெறுவது சுமார் 1,400 மில்லிமீற்றர். இது குறைந்த மழை அல்ல. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் பிற்பகல் வேளைகளில் இடியுடன் சில மழைகள் கிடைக்கும். அதன் பின் ஆவணி முடியும் வரை சோளகக் காற்றும் வரட்சியும்தான்.

ஆகவே எமது இளவேனிற் பயிருக்குக் கிடைப்பது ஒரு குறுகிய வாசல். கிணற்றில் நீர் மேலே நிற்கும் பங்குனி நடுப்பகுதியில் விதைத்தால், சித்திரை மழையின் துணையோடு செடி வேர் விட்டு வளரும். சோளகம் பலமாக வீசத் தொடங்குமுன் முதல் அறுவடை கைக்கு வரும். ஒரு மாதம் பிந்தினால் இளங்கன்றுகள் காய்ந்த காற்றிலும் குறைந்த நீரிலும் வளர வேண்டியதாகிறது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அது தமிழ்நாட்டில் தோன்றிய பழமொழி. தென்மேல் பருவக்காற்றினால் காவிரியில் நீர் வரும் நிலத்துக்கு அது பொருந்தும். வன்னியில் ஆடி மாதம் கிணறு இறங்கும் மாதம். இங்கு தேடி விதைக்க வேண்டிய பட்டங்கள் பெரும்போகத்துக்குப் புரட்டாதியும், வளவு மரக்கறிக்குப் பங்குனியும் ஆகும். பழமொழியும் விதையைப் போன்றது. தான் முளைத்த மண்ணின் காலநிலையை உடன் கொண்டு வருகிறது.

2. ஒரே மாதம், வெவ்வேறு வசந்தம்

சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் வசந்த விழா நடக்கும். கொழும்பு மக்கள் குளிர்ச்சியைத் தேடி அங்கு செல்வர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். வவுனியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 28 பாகை. நுவரெலியாவில் அது ஏறக்குறைய 16 பாகை. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, கோவா ஆகியன அந்தக் குளிருக்குப் பழகிய பயிர்கள். 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கு பண்ணை அமைத்து ஐரோப்பியப் பயிர்களை நட்டதும் அந்தக் குளிரை நம்பியே.

1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் வவுனியா மாவட்டத்தில் குடியேறின. பாத்தி கட்டுவதிலும், எரு இடுவதிலும், சரிவில் மண்ணைக் காப்பதிலும் அவர்களிடம் உயர்ந்த அறிவு இருந்தது. அந்த அறிவு இங்கும் பயன்பட்டது. ஆனால் பயிரும் நாட்காட்டியும் மாற வேண்டியிருந்தன. மலையில் மழைக்கு உயர்த்திய பாத்தியை இங்கு கோடைக்குத் தாழ்த்த வேண்டியிருந்தது.

இப்போது கனடாவைப் பார்ப்போம். ரொறன்ரோவில் மார்ச் மாதத்தில் நிலம் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். எம்மவர்கள் வீட்டுக்குள் யன்னல் ஓரத்தில் சிறு சட்டிகளில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வளர்ப்பர். மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை அங்கு விக்ரோறியா நாள். உறைபனி ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிட்டது என்று அதையொட்டியே பலர் நாற்றுகளை வெளியில் நடுகின்றனர். ஒக்ரோபரில் மீண்டும் குளிர் வந்துவிடும். பாகலும் புடோலும் அந்த நான்கைந்து மாதத்துக்குள் காய்க்க வேண்டும். சட்டியில் நிற்கும் முருங்கையை மாரிக்கு வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் எல்லாமே தலைகீழ். அங்கு வசந்தம் செப்ரெம்பரில் தொடங்குகிறது. நவம்பர் முதற் செவ்வாய்க்கிழமை நடைபெறும் குதிரைப் பந்தய நாளே தக்காளி நாற்று நடும் நாள் என்பது அவ்வூர்த் தோட்டக்காரரின் வழக்கு. அதே கிழமையில் ஓமந்தையில் நாம் மழை வெள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டிருப்போம்.

இந்த ஒப்பீட்டிலிருந்து மூன்று உண்மைகளைப் பெறலாம்.

முதலாவது, வெப்பம். பகல் வெப்பம் 32 பாகைக்கு மேலாகவும் இரவு 24 பாகைக்குக் குறையாமலும் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் பழுதடைந்து பூ உதிரும். சித்திரையில் எமது தக்காளி இலையும் தண்டுமாகச் செழித்து நின்று காய்க்காமல் போவதற்கு இது முக்கிய காரணம். அதற்கு மேலும் உரம் போடுவதால் பயன் இல்லை. இங்கு தக்காளிக்கு உகந்தது மார்கழி, தை மாத நடுகை.

இரண்டாவது, பகலின் நீளம். ஓமந்தையில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். ரொறன்ரோவில் அது ஏறக்குறைய பதினைந்தரை மணி. அந்நாட்டுக்கென உருவாக்கிய பெரிய வெங்காய இனங்கள் 14 மணிக்கு மேற்பட்ட பகல் இருந்தால்தான் கிழங்கு வைக்கும். அவ்விதையை இங்கு நட்டால் தாள் மட்டுமே வளரும். அப்பிள் போன்ற மரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூப்பதற்கு நூற்றுக்கணக்கான மணிநேரக் கடுங்குளிர் தேவை. எமது மாரியில் அது கிடைக்காது.

மூன்றாவது, நீர். குளிர் நாட்டவர் உறைபனி எப்போது நீங்கும் என்று நாள் எண்ணுகின்றனர். நாம் கிணற்று நீர் எதுவரை நிற்கும் என்று நாள் எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவினர் அன்போடு கடித உறையில் விதை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு விதைக்கும் நாற்றுக்கும் முன் அனுமதி தேவை. விதையோடு நோயும் பூச்சியும் வரும் என்பதே அதன் காரணம். அவர்களிடம் விதை கேட்பதைவிட, இங்கு வாளியும் குழாயும் வாங்க உதவி கேட்பது நன்று.

3. ஒரு பாடம்: 2022

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பயிர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தன. தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. மூன்று மாதங்களுக்கான ஏற்பாடு அது. நோக்கம் நல்லது. ஆனால் நாட்காட்டியைக் கவனியுங்கள். ஜூன் மாதத்தில் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பகுதிகளில் தென்மேல் பருவமழை பெய்யும். விதைத்தால் முளைக்கும். அதே ஜூன் மாதத்தில் ஓமந்தையில் சோளகம் வீசும். அந்த மூன்று மாதமும் எமது ஆண்டின் மிகக் கடினமான மூன்று மாதம். தலைநகரின் மழையைப் பார்த்து வகுக்கும் திட்டம் உலர் வலயத்துக்குப் பொருந்தாது. எனவே எமது கிராமத்துக்கான பயிர் நாட்காட்டியை நாமே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நெருக்கடி எமக்குப் புதியதல்ல. 1990களில் வன்னிக்கு யூரியாவும் மண்ணெண்ணெயும் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் மாட்டெரு, சாம்பல், கிளிசிறிடியா இலை ஆகியவற்றைக் கொண்டே பலர் வளவில் பயிர் செய்தனர். 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையோடு ஓமந்தை போர்க்களமாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தை என்றால் சோதனைச் சாவடி என்றே நாடு அறிந்தது. மக்கள் திரும்பி வந்தபோது பல வளவுகளில் வீடு இருக்கவில்லை. மாமரமும் பலாவும் வேம்பும் நின்றன. தமது எல்லையை அந்த மரங்களைக் கொண்டே அடையாளம் கண்டவர்களும் உண்டு. நட்ட மரம் குடும்பத்தின் சேமிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

4. நீரைக் கணக்கிடுவோம்

நடுமுன் நீர்க்கணக்கைப் போட வேண்டும். கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர். எமது பகுதியில் பங்குனி, சித்திரையில் பயிர் நிலத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிப் போகும் என்று கொள்ளலாம். ஆடியில் காற்றினால் இது 6 மில்லிமீற்றர் வரை செல்லும்.

20 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட தோட்டம் 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 185 லீற்றர் நீர் தேவை. பத்து லீற்றர் வாளியில் ஏறக்குறைய 18 வாளி. கிணற்றில் நீர் மேலே நிற்கும்போது இது ஒரு குடும்பத்தால் இயலும். ஆடியில், நீர் ஆழத்துக்குப் போனபின், அதே தோட்டத்துக்கு 22 வாளி அள்ள வேண்டும். இயலாது. ஆனால் குசினிக்குப் பக்கத்தில் 100 சதுர அடியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு வாளி போதும். எனவே பங்குனியில் 400 சதுர அடி, ஆடியில் 100 சதுர அடி என்று தோட்டம் கிணற்றோடு சேர்ந்து சுருங்க வேண்டும். மாரியில் மீண்டும் விரியலாம்.

இந்தத் தேவையைக் குறைக்க நான்கு வழிகள் உண்டு.

(அ) மூடாக்கு. வைக்கோல், காய்ந்த இலை, தென்னோலைத் துண்டு ஆகியவற்றை மூன்று நான்கு விரல் தடிப்பில் செடியைச் சுற்றிப் பரப்ப வேண்டும். தண்டோடு ஒட்டாமல் விட வேண்டும். வயலில் வைக்கோலை எரிப்பவர்கள் தமது தோட்டத்தின் நீரையே எரிக்கின்றனர் என்று சொல்லலாம்.

(ஆ) தாழ்பாத்தி. எமது செங்கபில மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். கோடையில் பாத்தி நிலமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் ஊற்றிய நீர் ஓடாமல் நிற்கும். மாரியில் அதே பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே பாத்தி என்பது உலர் வலயத்துக்குப் பொருந்தாது.

(இ) நிழலும் காற்றுத்தடையும். பாகல், புடோல், பீர்க்குப் பந்தலைத் தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அமைத்தால் அதன் கிழக்கே உள்ள கீரைக்குப் பிற்பகல் வெயில் குறையும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் அப்பக்க வேலியில் கிளிசிறிடியா அல்லது பூவரசங் கதியால்களை நெருக்கி நட வேண்டும். வேலியே பசளையும் தரும்.

(ஈ) கழிவு நீர். குளிக்கும் நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். அரிசி, மரக்கறி கழுவிய நீரைக் கீரைக்கு ஊற்றலாம். உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தூள் நீரை மரக்கறிப் பாத்திக்கு விடக் கூடாது.

5. ஓமந்தைக்கு ஒரு பயிர் நாட்காட்டி

மாசி: கத்தரி, மிளகாய் நாற்றுமேடை போடும் மாதம். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண் ஆறிய பின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். நாற்று நான்கு ஐந்து வாரத்தில் நடத் தயாராகும்.

பங்குனி நடு முதல் சித்திரை வரை: வெண்டி, பயிற்றை, கெக்கரி, பாகல், புடோல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம். வெண்டியை மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் 45 முதல் 50 நாளில் காய் ஒடிக்கலாம். பயிற்றை 50 முதல் 55 நாள். பாகல் சுமார் 60 நாள். பூசணி மூன்று மாதத்துக்கு மேல். கத்தரி, மிளகாய் நாற்றுகளை மாலையில் நட்டு, ஒரு கிழமைக்குக் கிடுகினாலோ பனையோலையினாலோ நிழல் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய 'திருநெல்வேலி ஊதா' கத்தரி எமது வெப்பத்துக்கும் கறிக்கும் ஏற்றது. முளைக்கீரையை ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல் பதினைந்து நாளுக்கு ஒரு சிறு பாத்தியாக விதைத்தால் வீட்டில் கீரை முடியாது.

வைகாசி முதல் ஆவணி வரை: புதிதாக எதையும் பரவலாக நட வேண்டாம். நிற்பதைக் காப்போம். கீரை, பசளி, சில மிளகாய்ச் செடி, சில கத்தரிச் செடி போதும். முருங்கையும் அகத்தியும் கிணற்று நீர் கேட்காமலே இலை தரும். விதை எடுப்பதும் கூட்டெரு சேர்ப்பதும் இக்காலத்து வேலைகள்.

புரட்டாதி, ஐப்பசி: முதல் மழையோடு மரவள்ளி, வத்தாளை, பயிற்றை, வெண்டி. பழமரம் நடும் காலமும் இதுவே.

கார்த்திகை முதல் தை வரை: தக்காளி, கறிமிளகாய் நாற்றுகளைக் கார்த்திகையில் கூரையின் கீழ் வளர்த்து, கடும் மழை தணிந்தபின் மார்கழியில் நடலாம். பீற்றூட், முள்ளங்கி, வெப்பம் தாங்கும் கோவா இனங்கள் ஆகியன இக்குளிர்ச்சியில் வரும். நுவரெலியாவின் வசந்தத்துக்கு எமது ஆண்டில் மிக நெருங்கி வருவது இந்த மாதங்களே.

6. பழமரங்கள்

மரக்கறி மாதக் கணக்கு. பழமரம் ஆண்டுக் கணக்கு. ஒரு வளவில் ஆண்டின் எல்லா மாதமும் ஏதோவொரு பழம் இருக்கும்படி நடுவதே திறமை. வாழையும் பப்பாசியும் ஓராண்டளவில் பலன் தரத் தொடங்கும். அதன் பின் கன்று மாற்றி நட்டால் ஆண்டு முழுவதும் கிடைக்கும். கொய்யா, தேசி, மாதுளை இரண்டு மூன்று ஆண்டு கேட்கும். ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டு. எமது நாவுக்குப் பிடித்த கறுத்தக் கொழும்பான் உலர் வலயத்துக்குரிய மாவினம். பூக்கும் காலத்தில் காய்ந்த வானம் அதற்கு வேண்டும்.

மாங்கன்றுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழியை ஆவணியிலேயே வெட்டி, மேல்மண்ணோடு மாட்டெருவும் கூட்டெருவும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழையில் நட வேண்டும். மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி விட வேண்டும். மாரி முழுவதும் வேர் இறங்கிய கன்று அடுத்த கோடையைத் தாங்கும். பங்குனியில் நட்ட கன்று ஆடியில் எமது வாளியை நம்பி நிற்கும். முதல் இரண்டு கோடைக்கும் கன்றின் அடியில் துளையிட்ட மண்பானையைப் புதைத்துக் கிழமைக்கு இரு முறை நிரப்பினால் நீர் வேருக்கே போகும்.

7. பூச்சி, குரங்கு, விதை

கோடையில் மிளகாய் இலை சுருண்டால் உடனே கடையில் மருந்து கேட்கிறோம். முதலில் இலையைப் பார்ப்போம். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிற்றுண்ணி. இரண்டும் வரட்சியில் பெருகுபவை. வேப்பம்விதைப் பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியில் வாடிய குருத்தைக் கண்டவுடன் ஒடித்து எரித்தால் காய்துளைப்பான் குறையும். பாகற் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ அண்டாது.

குரங்குக்கும் மயிலுக்கும் இவ்வளவு எளிதான விடை இல்லை. பலர் தோட்டத்தைக் கைவிடுவதற்கு அவையே காரணம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ணும் பணி நடந்தது என்பதிலிருந்தே இப்பிரச்சினையின் அளவு விளங்கும். தனி வீடு குரங்கைத் துரத்தினால் அது அடுத்த வீட்டுக்குத்தான் போகும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து முறைவைத்துக் காவல் செய்வதும், வெளி ஓரத்தில் மரவள்ளி, பூசணி என்பவற்றை விடுத்துக் குரங்கு அதிகம் நாடாத மிளகாய், பாகல் ஆகியவற்றை நடுவதும் ஓரளவு பயன் தரும்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலப்பின விதையில் விளைந்த காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. நாட்டினங்களில் முதலாவது நல்ல செடியை விதைக்கென நாடா கட்டி ஒதுக்கி, முற்றிய காயில் விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காற்றுப் புகாத போத்தலில் வைக்க வேண்டும். போத்தலில் இனத்தின் பெயரும் மாதமும் எழுதப்பட வேண்டும். ஐந்து வீடுகள் ஐந்து இனத்தைக் காத்தால் விதைக்கு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

8. வாளி யார் கையில்?

இறுதியாக, பயிரைப் பற்றியல்லாத ஒரு கேள்வி. நாளுக்கு 18 வாளி என்று மேலே எழுதினோம். அதை அள்ளுவது யார்? போருக்குப் பின் எமது பகுதியில் பல குடும்பங்களைத் தனித்துத் தாங்குபவர்கள் பெண்கள். காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, கூலி வேலைக்குப் போய், மாலையில் சமைக்கும் தாயிடம் 400 சதுர அடித் தோட்டத்தையும் ஒப்படைத்துவிட்டு, அதனை அபிவிருத்தி என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஏற்றது 100 சதுர அடியும், ஒரு முருங்கையும், குளிக்கும் நீர் பாயும் இரண்டு வாழையும், ஒரு பப்பாசியும், வேலியில் ஒரு தேசியும் ஆகும். பிள்ளைகளின் தட்டில் கீரையும் பப்பாசியும் பூசணியும் சேர்ந்தால் கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து 'ஏ' கிடைக்கும். கீரையோடு தேசிப்புளி சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும்.

வீட்டுத்தோட்டம் அரிசியைத் தராது, கடனைத் தீர்க்காது. கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தும். கையில் காசில்லாத நாளில் சோற்றுக்கு ஒரு கறியைத் தரும். 2022இல் அந்த ஒரு கறியின் பெறுமதியை எல்லாரும் அறிந்தோம்.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிணற்றில் பங்குனி, ஆனி, ஆடி மாதங்களில் எத்தனை முழத்தில் நீர் நிற்கிறது? யாராவது அளந்து எழுதி வைத்திருக்கிறோமா?

2. சென்ற ஆண்டு நாம் நட்டுத் தவறிய பயிர்கள் எவை? அவை தவறியது மண்ணாலா, மாதத்தாலா, நீராலா?

3. எமது வீட்டில் தோட்டத்துக்கு நீர் அள்ளுபவர் யார்? அந்த வேலையை எப்படிப் பங்கிடலாம்?

4. எமது வட்டாரத்தில் இன்னும் கைவசமுள்ள நாட்டு விதைகள் எவை? அவற்றை யார் காப்பது?

இந்தப் பருவத்தில் செய்யக்கூடிய ஒன்று

ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, மழை பெய்த நாள், கிணற்று மட்டம், நட்ட பயிர், முதற் காய் பறித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வரட்டும். கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம் அதைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். மூன்று ஆண்டு எழுதினால் அது ஓமந்தைக்குரிய வீட்டுத்தோட்ட நூலாகிவிடும்.